பெரியம்மா அந்த முறை வோட்டுப் போடவில்லை

“தொற்றுநோய்க் காலத்தில் சதிக்கதைகளை நம்புகிறவர்கள் வாக்களிக்கும் விதம் மாறுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். மாறும். ஆனால் நான் யாழ்ப்பாணத்தில் கண்டது, வேறு ஆளுக்கு மாற்றிப் போட்டதை அல்ல, வோட்டுப் போடப் போகாமலே விட்டதை.

இலங்கையின் 2020 நாடாளுமன்றத் தேர்தல் ஏப்ரல் 25 என்றார்கள், பிறகு ஜூன் 20, கடைசியில் ஓகஸ்ட் 5. திகதி தள்ளத் தள்ளக் கதைகளும் வளர்ந்தன. யாழ்ப்பாணத்து அரியாலையில் ஆராதனை நடத்திவிட்டுப் போன போதகருக்குத் தொற்று என்று மார்ச்சில் செய்தி வந்ததிலிருந்தே சனம் பயந்துபோயிருந்தது. வடக்கில் இராணுவம் தனிமைப்படுத்தல் முகாம்கள் நடத்தியபோது, “வேணுமெண்டுதான் இஞ்ச கொண்டந்து விடுறாங்கள்” என்றார்கள்.

கோப்பாயில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வைபரில் ஒரு குரல்பதிவு வந்தது. விரலில் பூசும் மையால்தான் நோயைப் பரப்பப் போகிறார்களாம். பேசியவர் யாரென்று தெரியாது. நல்ல ஊர்த்தமிழில் பேசியதே அவருக்குப் போதும். அந்த முறை பேனையும் நாங்களே கொண்டுபோக வேண்டும். பேனையும் மாஸ்க்குமாக நான் போய்க் கூப்பிட்டபோது வாக்காளர் அட்டை சாமியறையில் பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. “நீ போட்டிட்டு வா மோனை, நான் வரேல்லை.” பின்னேரம் ஐந்து மணிக்கு வாக்களிப்பு முடியும்வரை கேட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

அவரை அறியாமைக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வராது. போர் நடந்தபோது அரசு வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் மருந்துக்கும் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்தவர். எங்களை வேண்டுமென்றே வருத்துவார்கள் என்பது அவர் அனுபவித்து அறிந்தது. வதந்தி அந்த அனுபவத்தின் தோளில் ஏறித்தான் வந்தது.

இதே கோளாறு அரசுக்குள்ளும் இருந்தது. கொரோனாவில் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி, முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2021 பெப்ரவரி வரை விடவில்லை. தேர்தல் இதற்கு நடுவில்தான் நடந்தது. கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழும் எங்கள் ஊரிலும் அதை நம்பிப் பேசியவர்கள் இருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

2021இல் தடுப்பூசி வந்தபோதும் பெரியம்மாவுக்கு அதே பயம். எங்கள் பகுதி மிட்வைஃப் வந்து, விறாந்தையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, தான் ஊசி போட்டுக்கொண்ட கதையைச் சொன்னார். அரைமணி நேரம் இருக்கும். அடுத்த நாள் காலமை பெரியம்மா வரிசையில் நின்றார். வோட்டைப் பற்றி அப்படி வந்து இருந்து கதைக்க, அதற்கு முதல் வருசம் ஒருவரும் வரவில்லை.