பற்றரி பட்டினி கிடக்கிறது, தம்பி

*அண்ணா, பொல்கொட ஏரியில் சின்னப் பாய்ப்படகு வைத்திருக்கிறேன். லைட், ஃபிரிட்ஜுக்கென்று 100 அம்பியர் அவர் ஈயப் பற்றரி இரண்டு போட்டேன். 100 வாட் சோலார் பனலும் உண்டு. ஃபிரிட்ஜ் எந்நேரமும் ஓடும். ஒரு வருடம்கூட ஆகவில்லை, இரவு பத்து மணிக்கே லைட் மங்குகிறது. இன்னும் இரண்டு சேர்க்கட்டுமா? (மொறட்டுவை)*

வேண்டாம். முதலில் கணக்குப் பார்ப்போம். படகில் வைக்கும் சின்ன ஃபிரிட்ஜ் ஓடும்போது 4, 5 அம்பியர் இழுக்கும். நம் வெக்கையில் பாதி நேரமாவது ஓடும். நாளுக்கு 50, 60 அம்பியர் அவர் அதற்கே போய்விடும். லைட், பம்ப், போன் எல்லாம் சேர்த்து 80 என்று வை. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. ஆகவே உன் 200இல் பாவிக்கக்கூடியது 100தான். ஒரு நாளைக்குக் காணும், சரி. ஆனால் இறங்கியது திரும்ப ஏற வேண்டுமே? உன் பனல் நல்ல வெயிலிலேயே நாளுக்கு 30 சொச்சம்தான் தரும். மிச்சமெல்லாம் கடன். பாதி வயிற்றோடு நாட்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேற்று இறுகிவிடும், பிறகு முழுச் சார்ஜ் ஏறாது. இன்னும் இரண்டு சேர்த்தால் பட்டினி கிடப்பவை நான்காகும். பழசோடு புதுசை இணைத்தால் பழசு புதுசையும் இழுத்து விழுத்தும். பனலைக் கூட்டு, 300 வாட்டாவது வேண்டும். சார்ஜும் பாவனையும் இல்லாமல் நாலைந்து மணி நேரம் விட்டு வோல்ற் அளந்து பார். 12.7 என்றால் நிறைவு, 12.1 என்றால் பாதி.

*பஞ்சிகாவத்தையில் லொறிப் பற்றரி மலிவாகக் கிடைக்கிறதே? (வெள்ளவத்தை)*

இன்ஜின் ஸ்டார்ட் பண்ண வாங்குங்கள். அதன் தகடு மெல்லியது. ஒரு நொடி பெரிய மின்னோட்டம் கொடுக்கத்தான் அது. தினமும் ஆழமாக இறக்கினால் சில மாதம்தான். லைட், ஃபிரிட்ஜ் பாவனைக்கு, ஆழமாக இறக்கினாலும் தாங்கும் டீப் சைக்கிள் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

*லித்தியத்துக்கு மாறலாமா, ஐயா? (கொட்டாஞ்சேனை)*

காசு இருந்தால் மாறலாம். லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகையில் 80 சதவீதம் வரை தாராளமாக இறக்கலாம், பாரமும் பாதிதான். ஆனால் இன்ஜினோடு ஓடி மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரை நேரே அதில் கொடுக்காதீர்கள். லித்தியம் கொடுப்பதையெல்லாம் வாங்கும், சின்ன ஆல்டர்நேட்டர் சூடேறிக் கருகிவிடும். இடையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். இன்னொன்று: மாதக்கணக்கில் படகை விடும்போது ஈயத்தை முழுக்க நிரப்பி விடுங்கள், லித்தியத்தைப் பாதியில் விடுங்கள்.

*ஈயப் பற்றரிக்குத் தண்ணீர் எப்போது விடுவது? (மட்டக்குளி)*

சார்ஜ் ஏற்றிய பிறகு. முகத்துவாரத்தில் ஒருவர் ஏற்றுவதற்கு முன்பே விளிம்புவரை நிரப்பியிருந்தார், அதுவும் கடையில் வாங்கிய குடிநீர்ப் போத்தல். சூட்டில் அசிட் பொங்கி, கீழே இருந்த பலகைத் தட்டு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. வடித்த நீர் மட்டும்தான். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலிலேயே விடலாம்.

*டேர்மினலில் பச்சை பூக்கிறது. (தெஹிவளை)*

கடற்காற்று. நெகடிவ் வயரை முதலில் கழற்றுங்கள், அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரில் பழைய பல் பிரஷால் தேயுங்கள், ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. காய்ந்ததும் இறுக்கிவிட்டுக் கிரீஸ் பூசுங்கள். மோதிரம் போட்டிருந்தால் அதையும் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.