நியூயார்க்கில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடவில்லை, ஓனரும் கண்டுகொள்ளவில்லை. நகர நிர்வாகம் உண்மையிலேயே ஏதாவது செய்யுமா?

செய்யும், ஆனால் நீங்கள் புகார் கொடுத்தால்தான். முதலில் ஓனருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அப்புறம் நகர நிர்வாகத்தின் புகார் எண்ணான 311-ஐ அழையுங்கள்.

அக்டோபர் 1 முதல் மே 31 வரை ஹீட்டிங் சீசன். காலை 6 முதல் இரவு 10 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் குறைந்தது 68 இருக்க வேண்டும். இரவில் வெளியே எவ்வளவு இருந்தாலும் உள்ளே 62. வெந்நீர் வருடம் முழுக்கக் கட்டாயம்.

நகர வீட்டுவசதித் துறையின் ஆய்வாளர் வந்து பார்த்து, குறை இருந்தால் விதிமீறலாகப் பதிவு செய்வார். இதில் மூன்று வகை: ‘ஏ’ என்றால் சரிசெய்ய 90 நாள், ‘பி’ என்றால் 30 நாள், உடனடி ஆபத்தான ‘சி’ என்றால் பெரும்பாலும் 24 மணி நேரம். ஹீட்டர் இல்லாதது ‘சி’. ஆய்வாளர் வரும்போது கதவைத் திறக்க ஆள் இருக்கட்டும். பல புகார்கள் இங்கேதான் வீணாகின்றன.

அப்படியும் ஓனர் அசையாவிட்டால், அவசரப் பழுதை நகரமே ஆள் வைத்துச் சரிசெய்து பில்லை அவருக்கு அனுப்பலாம். அவர் கட்டாவிட்டால் அந்தத் தொகை சொத்தின் மேல் கடனாக ஏறும். அபராதத்தைவிட இதற்குத்தான் ஓனர்கள் பயப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். வீட்டுவசதி நீதிமன்றத்தில் நீங்களே வழக்கும் போடலாம்.

இன்னொன்று: எந்தக் கட்டடத்தில் எத்தனை மீறல்கள் என்பதைத் துறையின் இணையதளத்தில் முகவரி போட்டுப் பார்க்கலாம். அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாருங்கள்.