மஞ்சப்பை வந்தும் மூட்டை ஏன் குறையவில்லை?

கேள்வி: திருச்சியில் வசிக்கிறோம். வீட்டில் நான்கு பேர். கடைக்குத் துணிப்பையோடுதான் போகிறோம். ஏழெட்டு மஞ்சப்பை இருக்கிறது. ஆனாலும் வாரக் கடைசியில் பார்த்தால் ஒரு மூட்டை பிளாஸ்டிக் சேர்ந்துவிடுகிறது. பால் பாக்கெட், மாவு பாக்கெட், மீன் வாங்கிய கவர், ஹோட்டல் சாம்பார் கவர் என்று எதையும் விட முடியவில்லை. குப்பை கட்டவும் கவர் வேண்டியிருக்கிறது. ‘மக்கும் கவர்’ என்று விற்கிறார்களே, அதற்கு மாறிவிடலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: துணிப்பை காய்ந்த சாமானுக்கு உதவும். நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் எல்லாமே ஈரம்: பால், மாவு, மீன், சாம்பார், சமையலறைக் குப்பை. ஈரமான பொருளுக்கு மூடி போட்ட பாத்திரம் வேண்டும். இன்னும் பத்து பை வாங்கினாலும் அந்த மூட்டை குறையாது.

முதலில் குப்பைக் கூடையைச் சரி செய்யுங்கள். ‘கவர் இல்லாவிட்டால் குப்பையை எதில் கட்டுவது’ என்ற கவலை இருக்கும் வரை, கடைக்காரர் நீட்டும் கவரைக் கை தானாக வாங்கிக்கொள்ளும். நான்கு பேர் சமைத்துச் சாப்பிடும் வீட்டில் நாளைக்குச் சுமார் ஒரு கிலோ மக்கும் குப்பை சேரும். அதைக் கவரில் இறுக்கிக் கட்டினால் காற்றில்லாமல் அழுகி, மறுநாளே நாறும். பிரிப்பதென்றால் தூய்மைப் பணியாளர் அதைக் கையால் கிழிக்க வேண்டும். இல்லையென்றால் கவரோடு கிடங்குக்குப் போகும். திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைப் பிரித்துத் தரச் சொல்கின்றன; கவரில் கட்டித் தரச் சொல்லவில்லை. மூடி போட்ட 5 லிட்டர் வாளி ஒன்று போதும். அடியில் செய்தித்தாளை இரண்டாக மடித்துப் போட்டால் வண்டியில் கவிழ்க்கும்போது ஒட்டாமல் விழும். மிஞ்சிய குழம்பு, மோர், அரிசி கழுவிய தண்ணீர் எதையும் அதில் ஊற்றாதீர்கள். நாற்றத்துக்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம்.

மொட்டை மாடியோ நல்ல பால்கனியோ இருந்தால் உரமாக்கிவிடலாம். 25 முதல் 30 லிட்டர் பிடிக்கும் பழைய பெயின்ட் வாளி அல்லது மண் தொட்டி மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலும் பக்கவாட்டிலும் 8 மில்லிமீட்டர் அளவில் பத்துப் பன்னிரண்டு துளை போடுங்கள். அடியில் இரண்டு அங்குலத்துக்குத் தேங்காய் நார்த்தூள். அன்றாடக் குப்பையைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, அதே அளவுக்குக் காய்ந்த இலையோ நார்த்தூளோ போட்டு மூடுங்கள். முதல் வாரம் புளித்த மோர் ஒரு டம்ளர் தெளித்தால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் பெருகும். வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும். ஒரு வாளி நிறைய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். மூன்றாவது நிறையும்போது முதல் வாளி ஆறு வாரம் மக்கியிருக்கும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கலாம்.

இதில் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ஈரம் கூடி, காய்ந்த சருகு குறைவது. அழுகிய முட்டை வாடை வந்தால் இரண்டு கை நார்த்தூள் போட்டுக் கிளறுங்கள். புழு வந்தால் பயப்பட வேண்டாம், அவை குப்பையைத் தின்று தீர்ப்பவை. பிடிக்காவிட்டால் மேலே இன்னொரு அடுக்கு சருகும் ஒரு கை வேப்பம் பிண்ணாக்கும் போடுங்கள். குப்பை வறண்டு, நாள்கணக்கில் அப்படியே கிடந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மீன் முள், ஊறுகாய், எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவற்றை இதில் போடாதீர்கள்.

இனி ‘மக்கும் கவர்’. அதற்கு மாறுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பெயரில் இரண்டு வகை விற்கிறது. ஒன்று, சாதாரணப் பாலித்தீனில் ஒரு ரசாயனத்தைக் கலந்து, வெயிலில் பொடிப்பொடியாக உதிரச் செய்வது. அது கண்ணுக்குத் தெரியாத துணுக்காக மாறுகிறதே தவிர, மக்குவதில்லை. மற்றொன்று உண்மையிலேயே மக்கக்கூடிய வகை, ஐ.எஸ். 17088 தரக் குறியீடும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண்ணும் அதன்மேல் அச்சாகியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தரமே ஆலை அளவிலான உரக்கிடங்கை, அதாவது 58 டிகிரி செல்சியஸ் வாக்கில் வெப்பம் நிற்கும் குவியலை மனத்தில் வைத்து வகுத்தது. உங்கள் மாடி வாளி அந்தச் சூட்டில் நிலைத்து நிற்காது. காயலான் கடைக்குப் போனாலோ நல்ல பிளாஸ்டிக்கோடு கலந்து அதன் தரத்தைக் கெடுக்கும். வாளிக்கு மாறிய பிறகு இந்தக் கவருக்கு வீட்டில் வேலையே இல்லை.

அடுத்தது பாத்திரம். மீன் கடையிலும் மாவுக் கடையிலும் பாத்திரத்தை நீட்டினால் வரும் முதல் தகராறு எடை. மின்னணுத் தராசில் ‘டேர்’ பொத்தானை அழுத்தினால் பாத்திரத்தின் எடை கழிந்துவிடும். கூட்ட நேரத்தில் அதை யாரும் அழுத்துவதில்லை. பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருவார்கள் அல்லவா? பெயருக்குக் கீழே மூடியோடு சேர்ந்த எடையையும் வெட்டித் தரச் சொல்லுங்கள்: ‘410 கி’ என்று. கடைக்காரர் கேட்பதற்கு முன்பே காட்டிவிடலாம். விவாதம் அங்கேயே முடியும்.

மீன், கோழி, ஆட்டுக்கறி எதுவானாலும் ஒரு கிலோவுக்கு 2 லிட்டர் எவர்சில்வர் டப்பா வேண்டும். நாலு பக்கமும் கிளிப் போட்டு, ரப்பர் வளையம் வைத்த மூடியாக இருக்கட்டும். ஒன்றரை லிட்டரில் அடங்கும் என்று தோன்றும்; எலும்போடு வெட்டிய துண்டுகள் இடைவெளி விட்டுத்தான் உட்காரும். டப்பாவைப் பேரம் பேசும்போதே கொடுத்துவிடுங்கள். வெட்டி முடிப்பதற்குள் அடுத்த ஆள் கவரைப் பிரித்து வைத்திருப்பார், பிறகு அது குப்பைதான். வீடு அரை மணி நேரத்துக்கு மேல் தூரம் என்றால் கடையிலேயே ஐஸ் துண்டு கேட்டு மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

டப்பாவில் மீன் வாடை நிற்கிறது என்று சொல்லி இந்தப் பழக்கத்தைப் பாதியில் விடுபவர்கள்தான் அதிகம். கழுவும் வரிசைதான் தவறு. முதலில் வெந்நீர் ஊற்றினால் ரத்தமும் புரதமும் வெந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டுத் தேய்த்து, கடைசியில் புளிக்கரைசலோ எலுமிச்சைத் தோலோ தேய்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உள்ளது. புளிப்பு அதை முறிக்கும். ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவி வெயிலில் காய வையுங்கள். வாடை பெரும்பாலும் அதில்தான் ஒளிந்திருக்கும்.

ஹோட்டல் பார்சலுக்கு டிபன் கேரியர் மட்டும் போதாது. சாம்பாருக்குத் தனியாக ஒரு லிட்டர் தூக்கு, சட்னிக்குக் கால் லிட்டர் டப்பா இரண்டு வேண்டும். நான்கு பேருக்கு இதுதான் சரியான கணக்கு. உச்ச நேரத்தில் சாம்பாரும் சட்னியும் முன்கூட்டியே கவரில் கட்டிக் கூடையில் போட்டு வைத்திருப்பார்கள். அதைப் பிரித்து உங்கள் தூக்கில் ஊற்றிக் கொடுத்தால் எந்தப் பயனும் இல்லை. போன் செய்து ‘பாத்திரம் கொண்டு வருகிறோம், கட்ட வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். உணவு பிளாஸ்டிக்கைத் தொடுவதில் மிக மோசமானது கொதிக்கக் கொதிக்க ஊற்றுவது; உங்கள் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் நிறுத்த முடியும் என்றால் சாம்பார் கவரை நிறுத்துங்கள். பேப்பர் கப்பிலும் உள்ளே பாலித்தீன் பூச்சு உண்டு. அதில் 100 மில்லி சூடான பானத்தை 15 நிமிடம் வைத்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலப்பதாகக் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் கண்டார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் இந்தக் கப்பும் அடக்கம். தடுக்கி விழுந்தால் ஒரு டீக்கடையில் அது கண்ணில் படுகிறது என்பது வேறு விஷயம்.

மாவு வீட்டில் அரைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், பாக்கெட்டில் அடைக்காமல் மொண்டு விற்கும் கடையைத் தேடுங்கள். ஒரு கிலோ மாவுக்கு இரண்டரை லிட்டர் பாத்திரம் கொண்டுபோங்கள். புளித்து எழும்ப இடம் வேண்டும். கிளிப் டப்பாவை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து, திறக்கும்போது மாவு முகத்தில் தெறிக்கும்.

தயிர் பாக்கெட்டை முழுதாக நிறுத்திவிடலாம். காய்ச்சிய பால் 40 முதல் 43 டிகிரிக்கு ஆறியதும், அதாவது விரல் வைத்தால் இதமான சூடு தெரியும்போது, லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் உறைமோர் கலந்து அசைக்காமல் வையுங்கள். திருச்சி வெயிலுக்கு ஐந்து மணி நேரம் போதும். மார்கழியில் எட்டு ஆகலாம். பால் அதிகச் சூடாக இருந்தால் உறையில் உள்ள உயிர் செத்து, தயிர் கட்டாது. தோய்ந்த பிறகும் வெளியே விட்டுவைத்தால் புளித்துத் தண்ணீர் பிரியும்.

பாலுக்கு நேரடி மாற்று, கறந்து வீட்டுக்கு வந்து ஊற்றும் பால்காரர்தான். அவர் இல்லாத தெருவில் இருந்தால், அரை லிட்டர் இரண்டுக்குப் பதில் ஒரு லிட்டர் பாக்கெட் ஒன்று வாங்குங்கள். ஒரே தடிமன் என்று வைத்துக்கொண்டால் உறைக்குச் செலவாகும் பிளாஸ்டிக் ஐந்தில் ஒரு பங்கு குறையும். தினமும் ஒரு லிட்டர் வாங்கும் வீட்டில் வருடத்துக்கு 730 பாக்கெட் 365 ஆகும். மூலையை வெட்டும்போது துண்டு தனியே விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். அந்தச் சின்ன முக்கோணத்தை யாராலும் பொறுக்கிச் சேர்க்க முடியாது. நேராகச் சாக்கடைக்குத்தான் போகும்.

செக்கு எண்ணெயை 2 அல்லது 5 லிட்டர் எவர்சில்வர் தூக்கில் வாங்கலாம். தூக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. பழைய எண்ணெய் மிச்சமிருக்கும்போதே புதியதை அதன்மேல் ஊற்றாதீர்கள். பழையதில் ஏறிய சிக்கு வாடை புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். முடித்து, கழுவி, காயவைத்து, பிறகு வாங்குங்கள்.

‘கவரில் போடாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் காய் வாடிவிடுகிறதே’ என்ற கேள்வி அடுத்து வரும். காய் வாடுவது நீராவியாக நீர் வெளியேறுவதால். கேரட், பீன்ஸ், கீரைக்கு ஈரப்படுத்திப் பிழிந்த பருத்தித் துணி. கொத்தமல்லிக்கு மட்டும் நேர் எதிர்: வேரை நறுக்கி, கழுவாமல், காய்ந்த துணியில் சுற்றி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், ஒரு வாரம் தாங்கும்.

பை விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. துணி போலத் தோற்றமளிக்கும் கலர் கலரான ‘நான் ஓவன்’ பை பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஓரத்தில் இழுத்துப் பாருங்கள். நூல் பிரிந்து வந்தால் துணி, வராமல் பஞ்சாகக் கிழிந்தால் பிளாஸ்டிக். இதுவும் அந்த 14-இல் ஒன்று. இரண்டாவது, பருத்திப் பைகளைச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். டென்மார்க் சுற்றுச்சூழல் துறையின் 2018 ஆய்வின்படி, ஒரு பருத்திப் பை பருவநிலைக் கணக்கில் மட்டும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகவே 52 முறை பயன்பட வேண்டும். அங்கே ஒப்பிட்டது தடிமனான சூப்பர்மார்க்கெட் பையோடு. நம் ஊர் மெல்லிய கவரோடு ஒப்பிட்டால் இன்னும் கூடும். உங்களிடம் இருக்கும் ஏழெட்டே அதிகம். ஒன்று வண்டி சீட்டுக்கு அடியில், ஒன்று அலுவலகப் பையில், ஒன்று வாசல் ஆணியில் இருக்கட்டும். கவர் வீட்டுக்குள் நுழைவது, திட்டமிட்ட சந்தை நாளைவிட, வழியில் நிறுத்தி வாங்கும் அரை கிலோ தக்காளியோடுதான்.

ஷாம்பு சாஷேயை எளிதில் குறை சொல்லிவிடலாம். பல நேரங்களில் மில்லிக்கு மில்லி பார்த்தால் பாட்டிலைவிட சாஷேதான் மலிவு, அதனால்தான் அது நிற்கிறது. மில்லில் அரைத்த சீயக்காய் ஒத்துவந்தால் விலையிலும் போட்டி போடும். ஒத்துவராவிட்டால் பெரிய பாட்டிலோடு இருங்கள்.

ஏற்கெனவே வீட்டில் உள்ள பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணாடி வாங்க வேண்டாம். சூடான பொருள் வைக்காமல் பருப்புக்கும் மிளகாய்க்கும் பயன்படுத்தித் தீருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சுவதில் பால் கவரும் தண்ணீர் பாட்டிலும் காயலான் கடைக்குப் போகும். பால் கவரை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் அலசிக் கொடியில் உலர்த்தினால்தான் எடுப்பார்கள், ஈரத்தோடு மடித்து வைத்தால் ஒரே நாளில் புளித்து நாறும். சிப்ஸ், பிஸ்கட் உறைகள் பல அடுக்காக ஒட்டியவை, உள்ளே உலோகப் பூச்சு வேறு. பிரிக்க முடியாததால் காயலான் கடையில் அவற்றுக்கு விலை கிடையாது. அவற்றைத் துடைத்து, தனியே ஒரு பையில் சேர்த்து, மக்காத குப்பையோடு தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். பல ஊர்களில் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். எதையும் வீட்டு வாசலில் கொளுத்தாதீர்கள்.