மனைவிக்கு இலங்கை பாஸ்போர்ட்: எந்த விசா கேட்பது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. கத்தாரில் வேலை பார்த்தபோது பழகிய இலங்கைப் பெண்ணை ஐந்து மாதத்துக்கு முன் ஹட்டனில் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். அவர் இப்போது தேயிலைத் தோட்டத்தில் பெற்றோருடன் இருக்கிறார். ஊருக்கே கூட்டி வந்துவிட நினைக்கிறேன். "டூரிஸ்ட் விசாவில் வரட்டும், வந்ததும் ஆதார் எடுத்து எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், 60,000 ரூபாய் கொடுங்கள்" என்கிறார் பாளையங்கோட்டை ஏஜென்ட் ஒருவர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். 60,000 ரூபாய் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அவர் சொல்லும் வரிசையில் போனால் உங்கள் மனைவியின் பேரில் ஒரு வழக்கு வரலாம். அது போகவே போகாது.

உங்களுக்கு வேண்டியது என்ட்ரி விசா. எக்ஸ் விசா என்றும் சொல்வார்கள். இந்தியக் குடிமகனின் மனைவி என்ற முறையில் இலங்கையிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். கண்டியில் நம் உதவித் தூதரகம் இருக்கிறது, அங்கத்துத் தமிழில் உதவி உயர் ஸ்தானிகராலயம். ஹட்டன்காரர்களுக்குக் கொழும்பைவிட அது பக்கம், அங்கே முதலில் விசாரியுங்கள். விண்ணப்பம் இணையத்தில்தான். தளத்தின் முகவரி ஜிஓவி.ஐஎன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள். அசோகச் சக்கரம் போட்ட போலித் தளங்கள் தேடினால் முதல் வரியிலேயே வந்து நிற்கும்.

இந்த விசாவை ஐந்து ஆண்டு வரை கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. முதல் தடவை குறைத்துக் கொடுத்தால் பதற வேண்டாம், இங்கே வந்தபின் நீட்டிக்கலாம்.

டூரிஸ்ட் விசாவில் வந்து மாற்றவே முடியாதா என்று கேட்பீர்கள். இந்தியரின் மனைவி என்பதால் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில், அதாவது வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில், கேட்கலாம்தான். அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. குடியிருக்க வருகிறவர், சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுத்தானே உள்ளே வருகிறார்? அப்புறம் மாற்று விண்ணப்பம் நிலுவையில் கிடக்கும்போதே டூரிஸ்ட் விசா முடிந்துவிட்டால், அபராதம், வெளியேறும் அனுமதி என்று இன்னொரு சுற்று. அவசரமே இல்லாத நீங்கள் எதற்கு அந்தப் பக்கம் போக வேண்டும்?

ஆதார் விஷயம் இதைவிட மோசம். வெளிநாட்டவர் முந்தைய 12 மாதத்தில் 182 நாளாவது இங்கே தங்கியிருந்தால்தான் ஆதாருக்கு விண்ணப்பிக்கவே முடியும். இறங்கிய வாரத்தில் எடுத்துத் தருகிறேன் என்பவர், அவரை இந்தியர் என்று எழுதித்தான் எடுப்பார். ஆதாரோடு ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, வாக்காளர் பட்டியலில் ஏற்றுவது எல்லாம் "பேக்கேஜ்" என்பார். வாக்காளர் அட்டை இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் உரியது. என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில், ஏஜென்ட் அண்ணாச்சி ஆசையாக வாங்கிக் கொடுத்த அந்த அட்டைதான் பின்னால் விசா நீட்டிப்பின்போது எமனாக வந்தது. அதிகாரி கேட்ட ஒரே கேள்வி: "இதில் எது உண்மை, பாஸ்போர்ட்டா, இந்த அட்டையா?" அண்ணாச்சியின் போன் அன்றைக்கே அணைந்துவிட்டது.

சரி, காகிதங்கள். திருமணச் சான்றிதழ், மனைவியின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் பாஸ்போர்ட், முகவரிச் சான்று. இலங்கைச் சான்றிதழ்கள் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் அங்குள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் வாங்கி, இலங்கை வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிசெய்துகொள்ளுங்கள். புகைப்படம் இரண்டு அங்குலச் சதுரம். நம் ஊர் ஸ்டூடியோவில் "பாஸ்போர்ட் சைஸ்" என்றால் வேறு அளவில் எடுத்துவிடுவார்கள்.

பாதி விண்ணப்பங்கள் மாட்டிக்கொள்வது இனிஷியலில். உங்கள் ஆதாரில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, திருமணச் சான்றிதழில் பதிவாளர் எழுதியது மூன்றாவது விதம். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்யுங்கள். ஒரே சான்றிதழை ஓரிடத்தில் படமாகவும் இன்னோரிடத்தில் பிடிஎஃப் ஆகவும், ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவில் ஏற்றச் சொல்லும் அரசுக்கு, இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று ஒத்துப்பார்க்க ஓர் ஆள் வைக்க மனம் வரவில்லை. என்ன செய்ய.

மனைவி வந்து சேர்ந்ததும், வெளிநாட்டவர் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். சி படிவம் என்று பழகிய பெயர். விசாவில் 14 நாளுக்குள் பதிவு செய்யவும் என்று எழுதியிருந்தால் அதையும் இ-எஃப்ஆர்ஆர்ஓவில் முடியுங்கள். சென்னைக்கு நேரில் போயே ஆக வேண்டும் என்று ஒரு தனிக் கட்டணம் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். 2018இலிருந்து இது இணையவழிதான்.

இரண்டு ஆண்டு கழித்து ஓசிஐ அட்டை, அதாவது "இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்" அட்டை, கேட்கலாம். பதிவான திருமணம் தொடர்ந்து இரண்டு ஆண்டு நீடித்திருக்க வேண்டும் என்பது சட்டம், பாதுகாப்புச் சரிபார்ப்பும் உண்டு. பெயரில் "குடிமகன்" என்று வந்தாலும் அது குடியுரிமை இல்லை, இலங்கை பாஸ்போர்ட் அவரிடமே இருக்கும்.

தோட்டம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் இன்னொன்று தோன்றியது. ஏஜென்ட்டுகள் இதைச் சொல்வதில்லை, சொன்னால் அவர்களுக்கு வேலை இல்லை. மனைவியின் அப்பாவோ தாத்தாவோ பாட்டியோ கொள்ளுத் தாத்தாவோ இந்தியக் குடிமகனாக இருந்திருந்தால், அல்லது 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகனாகும் தகுதி உடையவராக இருந்திருந்தால், மனைவி அவருடைய வாரிசு என்ற உரிமையிலேயே ஓசிஐ கேட்கலாம். இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை, இலங்கையிலிருந்தே விண்ணப்பிக்கலாம். இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களை இரு நாடும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய பாஸ்போர்ட் வாங்கி வைத்துவிட்டு, எண்பதுகளில் தலைமன்னார் கப்பல் நின்றுபோனதால் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் மலையகத்தில் ஏராளம். 2003இல் இலங்கை தனிச் சட்டம் போட்டு அவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. அந்தப் பழைய இந்திய பாஸ்போர்ட் லயத்து வீட்டுத் தகரப் பெட்டியின் அடியில் கிடக்கலாம். மாமியாரிடம் கேட்கச் சொல்லுங்கள். கிடைத்தால், தாத்தாவிலிருந்து மனைவி வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர்களால் இந்தச் சங்கிலி எங்காவது அறும். அப்பா பெயர் ஒன்றில் ராமையா, இன்னொன்றில் ராமசாமி என்று இருக்கும். அதற்குச் சத்தியக் கடதாசி (அஃபிடவிட்), திருத்தம் என்று அலைய வேண்டியிருக்கும், அலையலாம். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் தாத்தாவின் சொந்த ஊரைத் தேடுங்கள். அது நம் மாவட்டமாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. பட்டா, பள்ளிக்கூடப் பதிவேடு என எதில் பெயர் இருந்தாலும் உதவும்.

இந்தத் தேடல் நடக்கிற வரை என்ட்ரி விசா விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். ஏஜென்ட்டிடம் உங்கள் பாஸ்போர்ட்டோ மூலச் சான்றிதழோ ஏற்கெனவே கொடுத்திருந்தால், முன்பணத்துக்குச் சண்டை போடும் முன் அவற்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.