சிக்னலா, சட்டமா? அறிவார்ந்த போக்குவரத்துத் துறையில் நுழைய ஒரு வழி

கேள்வி: சிவில் இன்ஜினியரிங் முடித்து இரண்டு ஆண்டுகளாகச் சாலை வடிவமைப்பில் வேலை செய்கிறேன். சிக்னல், பேருந்து, கட்டணம் போன்றவற்றைத் தரவும் கணினியும் கொண்டு இயக்கும் அறிவார்ந்த போக்குவரத்துத் துறைக்கு மாற விருப்பம். புரோகிராமிங் கற்று தொழில்நுட்பப் பக்கம் போவதா, வேலையை விட்டுவிட்டு பொதுக்கொள்கையில் முதுகலை படிப்பதா?

பதில்: வேலையை விட வேண்டாம். முதுகலையும் இப்போதைக்கு வேண்டாம். புரோகிராமிங் கற்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. காரணத்தை ஒரே ஒரு சாலைச் சந்திப்பை வைத்துச் சொல்கிறேன்.

சிக்னல் சுற்றுநேரத்துக்கு (எல்லாத் திசைக்கும் ஒருமுறை பச்சை வந்து முடிய ஆகும் நேரம்) வெப்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1958-இல் கொடுத்த சூத்திரத்தைக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். ஒரு சுற்றில் வீணாகும் நேரம் 12 விநாடி, ஓட்ட விகிதங்களின் (வரும் வாகன அளவை, சாலை தாங்கும் உச்ச அளவால் வகுத்தது) கூட்டுத்தொகை 0.7 என்று போட்டால் சுமார் 77 விநாடி வரும். கூட்டுத்தொகையை 0.85 ஆக்கிப் பாருங்கள், 153 விநாடிக்குத் தாவிவிடும். வாகனங்களின் தாமதத்தைக் குறைக்கத்தான் அந்தக் கணக்கு. ஓரத்தில் நிற்கும் பாதசாரிக்கு அதில் இடமே இல்லை. தார்ச்சாலைக்குள் புதைத்த கம்பிச் சுருளும் அப்படித்தான்: உலோகம் மேலே வந்தால் உணரும், மனிதர் வந்தால் உணராது. சுற்றுநேரத்துக்கு உச்சவரம்பு வேண்டுமா, பேருந்து நெருங்கும்போது பச்சையை நீட்டிக்கலாமா, அப்படி நீட்டித்தால் குறுக்குச் சாலையில் நிற்பவர் எவ்வளவு நேரம் பொறுப்பார் என்பதெல்லாம் சிக்னலின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வெறும் எண்களாக உட்கார்ந்திருக்கின்றன. உண்மையில் அவை கொள்கை முடிவுகள். பல ஊர்களில் யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவுகள்கூட அல்ல. கருவியோடு வந்த எண் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த எண்களைப் படித்து, அவற்றின் விளைவை அதிகாரிக்குப் புரியும்படி எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. நீங்கள் குறிவைக்க வேண்டியது அந்த இடத்தை.

தொழில்நுட்பத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. வாகனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 5.9 கிகாஹெர்ட்ஸில் 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் 1999-இல் ஒதுக்கியது. 2020-இல் அதில் 45-ஐ வைஃபை போன்ற பயன்பாடுகளுக்குத் திருப்பிவிட்டு, மிச்சத்தை வேறொரு தொழில்நுட்பத்துக்குக் கொடுத்தது. அதாவது இருபதாண்டு உழைப்பின் தலையெழுத்து ஓர் ஒழுங்குமுறை ஆணையில் மாறியது. இதற்கு மாறாக ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் நெரிசல் கட்டணத்தை (நகர மையத்துக்குள் போய்வரும் வாகனங்களிடம் வாங்கும் கட்டணம்) 2006-இல் சில மாதம் சோதனையாக ஓட்டினார்கள். மையப் பகுதிக்குள் போய்வரும் வாகனங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததை மக்கள் கண்ணால் பார்த்த பிறகே வாக்கெடுப்பு. 2007-இல் கட்டணம் நிரந்தரமானது. கட்டணம் வசூலிக்க நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா எந்த நகரத்துக்கும் கிடைக்கும். முதலில் சோதனை, பிறகு வாக்கெடுப்பு என்ற அந்த வரிசைமுறையை யோசித்ததில்தான் சாமர்த்தியம்.

சரி, எங்கே தொடங்குவது? பைதான் அடிப்படை தெரிந்தால் போதும். ஜெர்மன் விண்வெளி மையம் உருவாக்கிய சூமோ என்ற, சாலைப் போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் திறந்தமூல மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகம் ஏற்கனவே வடிவமைத்த ஒரு சந்திப்பை (அனுமதி வாங்கிக்கொண்டு) அதில் கட்டுங்கள். நிலையான நேரத்தில் ஒருமுறை, வாகன வரவுக்கேற்ப மாறும் நேரத்தில் ஒருமுறை, பேருந்துக்கு முன்னுரிமை கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு இரண்டே பக்கத்தில் ஒரு குறிப்பு: யாருக்கு எத்தனை விநாடி லாபம், யாருக்கு நஷ்டம், உங்கள் பரிந்துரை என்ன. நேர்முகத்தில் சான்றிதழ்க் கட்டை நீட்டுவதைவிட இது நன்றாகப் பேசும். அடுத்து பொதுப் போக்குவரத்துத் தரவு. அதைப் பகிரப் பயன்படும் பொது வடிவமான ஜிடிஎஃப்எஸ் கோப்பு என்பது நிறுத்தம், வழித்தடம், நேரம் எல்லாம் தனித்தனி அட்டவணையாக உள்ள சாதாரண உரைக் கோப்புகள்தான். ஓரிரு வாரத்தில் பழகிவிடும்.

இன்னொன்று, பலரும் தொடாதது: டெண்டர் ஆவணங்களைப் படியுங்கள். ஒப்பந்தம் முடிந்தபின் கேமராத் தரவு யாருக்குச் சொந்தம், வேறு நிறுவனத்தின் கருவியை இணைக்க முடியுமா, நம்பர் பிளேட் பதிவுகளை எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள். கொள்கை நடைமுறையில் எழுதப்படுவது அந்தப் பக்கங்களில்தான். படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும்.

தானோட்டிக் கார்களைத் துரத்த வேண்டாம் என்பேன். அங்கே தேவைப்படுவது பெரும்பாலும் ரோபாட்டிக்ஸ் ஆட்கள். உங்கள் சாலை அனுபவத்துக்கு சிக்னல், பேருந்து, கட்டணம், பாதுகாப்பு ஆகிய பக்கங்களில் மதிப்பு அதிகம். முதுகலையை இரண்டு மூன்று ஆண்டு கழித்து, எந்தக் கேள்விக்கு விடை தேடிப் போகிறீர்கள் என்று தெரிந்தபின் முடிவு செய்யுங்கள். அப்போது பொதுக்கொள்கையைவிடப் போக்குவரத்துப் பொருளாதாரம் பொருத்தமாகத் தோன்றவும் வாய்ப்புண்டு.