வாசகர் கேள்வி – பதில்: அடுத்து எந்த உளவியல் திரில்லர்?

உளவியல் திரில்லர் நாவல்களைப் பற்றி வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எந்த நாவலின் முடிவையும் இங்கே வெளிப்படுத்தவில்லை என்பதால், அவற்றை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்களும் தயக்கமின்றித் தொடரலாம்.

கேள்வி: ஜில்லியன் ஃப்ளின் எழுதிய 'கான் கேர்ள்', அலெக்ஸ் மைக்கேலிடிஸ் எழுதிய 'தி சைலன்ட் பேஷண்ட்' இரண்டையும் ஒரே மூச்சில் படித்தேன். அதற்குப் பிறகு எதை எடுத்தாலும் பாதியிலேயே சலித்துவிடுகிறது. இவற்றுக்கு இணையாக எதைப் படிக்கலாம்? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அந்த இரண்டு நாவல்களிலும் உங்களைக் கட்டிப்போட்டது எது என்று முதலில் பார்த்துவிட்டால், அடுத்த நாவலைத் தேடுவது எளிதாகிவிடும். 2012இல் வெளிவந்த 'கான் கேர்ள்' நாவலில், ஐந்தாவது திருமண நாளன்று மனைவி காணாமல் போகிறாள். ஓர் அத்தியாயத்தில் கணவன் அன்றாடம் நடப்பதைச் சொல்கிறான், அடுத்த அத்தியாயத்தில் மனைவியின் பழைய நாட்குறிப்பு பேசுகிறது. இரண்டு குரல்களையும் மாறி மாறிக் கேட்கும் நாம், இருவரில் யாரை நம்புவது என்ற தீர்ப்பை ஒவ்வோர் அத்தியாயத்திலும் திருத்தி எழுதிக்கொண்டே போகிறோம். 2019இல் வந்த 'தி சைலன்ட் பேஷண்ட்' நாவலில், கணவனைச் சுட்டுக் கொன்ற ஓவியர் ஒருத்தி அதன்பின் வாயே திறப்பதில்லை. அவளைப் பேசவைக்க முயலும் சிகிச்சையாளரின் வார்த்தைகளையும் அவளுடைய நாட்குறிப்பையும் வைத்துக்கொண்டே நாம் அவளைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆக, உங்களுக்குப் பிடித்தது கொலையும் அல்ல, துப்பறிதலும் அல்ல. கதைசொல்லியை நம்பலாமா கூடாதா என்ற தவிப்புதான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அந்தத் தவிப்பை நான் அறிந்தவரை முழுமையாகத் தரும் நாவல் சாரா வாட்டர்ஸ் 2002இல் எழுதிய 'ஃபிங்கர்ஸ்மித்'. விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில், திருடர்கள் கூடும் வீடொன்றில் வளர்ந்த சூ என்ற அநாதைப் பெண்ணை, ஜென்டில்மேன் என்று அழைக்கப்படும் மோசடிக்காரன் ஒருவன் ஒரு திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறான். ஊருக்கு வெளியே பெரிய மாளிகையில் மாமாவுடன் தனியாக வாழும் மாட் என்ற பணக்காரப் பெண்ணுக்குப் பணிப்பெண்ணாகச் சென்று, அவன் அவளை மணந்துகொள்ள சூ உதவ வேண்டும். திருமணம் முடிந்ததும் மாடை மனநலக் காப்பகத்தில் அடைத்துவிட்டுச் சொத்தைப் பங்கிட்டுக்கொள்வது அவர்கள் கணக்கு. முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாம் பாகத்தில் அதே நாட்களை மாடின் குரலில் மறுபடி கேட்கும்போது, சூ சாதாரணமாகக் கடந்துபோன ஒவ்வொரு பார்வையும் உரையாடலும் வேறு பொருள் கொள்கிறது. இந்த நாவலைத் தழுவித்தான் பார்க் சான்-வூக் 2016இல் 'தி ஹேண்ட்மெய்டன்' படத்தை எடுத்தார், கதையை ஜப்பானிய ஆட்சிக்குட்பட்ட கொரியாவுக்கு மாற்றிக்கொண்டார்.

இதற்கு அடுத்தபடியாக, பிரெஞ்சு எழுத்தாளர் செபாஸ்தியன் ஜாப்ரிசோவின் 'டிராப் ஃபார் சிண்ட்ரெல்லா'வைத் தேடிப் படியுங்கள். 1960களில் எழுதப்பட்ட சிறிய நாவல் அது. தீ விபத்தில் முகமும் கைகளும் கருகி, நினைவையும் இழந்து கண்விழிக்கும் ஓர் இளம்பெண், தான் பெருஞ்சொத்துக்கு வாரிசா அல்லது அந்த வாரிசைக் கொல்ல முயன்றவளா என்று தன்னைத்தானே விசாரிக்க வேண்டியிருக்கிறது. இன்று வெளிவரும் நினைவிழப்பு நாவல்களில் பலவும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

கேள்வி: பாதி நாவலிலேயே திருப்பத்தை ஊகித்துவிடுகிறேன். அதன்பின் சுவாரசியம் போய்விடுகிறது. என்னால் ஊகிக்கவே முடியாத நாவல் ஏதேனும் உண்டா? (திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: ஊகிக்க முடியாத நாவலைத் தேடிப் போவதைவிட, ஊகித்தாலும் கீழே வைக்க முடியாத நாவலைத் தேடிப் போவது உங்களுக்கு அதிகப் பலன் தரும் என்று உறுதியாகச் சொல்வேன். அட்டையிலேயே 'முடிவை உங்களால் ஊகிக்கவே முடியாது' என்று அச்சிடும் வழக்கம் பெருகியதிலிருந்து, வாசகர்கள் முதல் பக்கத்திலிருந்தே எழுத்தாளரைப் பிடிக்கும் போலீஸ்காரர்களாக மாறிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தை உடைக்க மிகச் சிறந்த நாவல் ரூத் ரெண்டெல் 1977இல் எழுதிய 'எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்'.

கொலை செய்தவள் யார், கொல்லப்பட்டவர்கள் யார், ஏன் கொன்றாள் என்ற மூன்றையும் ரெண்டெல் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறார். யூனிஸ் பார்ச்மன் என்ற வீட்டுப் பணியாளர் கவர்டேல் குடும்பத்தைக் கொன்றதற்குக் காரணம், அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதது. கொலை ஒரு காதலர் தினத்தன்று நடக்கப்போகிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. புத்தகங்கள் நிறைந்த, படிப்பைப் பெருமையாக நினைக்கும் வீட்டில், தனக்கு எழுத்து தெரியாது என்பதை ஒருவரும் அறிந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் அஞ்சி வாழ்கிறாள் அவள். வீட்டுக்காரர்கள் அவளிடம் காட்டும் சிறுசிறு அன்பும் அக்கறையும்கூட அந்த அச்சத்தைக் கூட்டிவிடுவதைப் படிக்கும்போது, இந்த ஒரு நாள் தவறிப்போனால் எல்லோரும் பிழைத்துவிடுவார்களே என்று மனம் பதறுகிறது. எல்லாம் தெரிந்த பிறகும் பதற வைப்பதுதான் உளவியல் திரில்லரின் உச்சம் என்பது என் கருத்து.

பாட்ரிசியா ஹைஸ்மித் 1955இல் எழுதிய 'தி டேலன்டெட் மிஸ்டர் ரிப்ளி'யையும் இதே காரணத்துக்காகப் பரிந்துரைக்கிறேன். இத்தாலியில் உல்லாசமாகத் திரியும் மகனைத் திரும்ப அழைத்து வரும்படி ஒரு பணக்காரத் தந்தை டாம் ரிப்ளியை அனுப்புகிறார். ரிப்ளிக்கோ அந்த மகனின் வாழ்க்கையே வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. குற்றவாளி யார் என்ற கேள்வியே இதில் கிடையாது. அவன் பிடிபட்டுவிடக் கூடாதே என்று நாமே வேண்டிக்கொள்ளத் தொடங்கும் இடம்தான் இந்த நாவலின் திருப்பம், அது நமக்குள் நிகழ்கிறது.

கேள்வி: ஜப்பானிய மர்ம நாவல்களைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். அவற்றில் அப்படி என்ன சிறப்பு? (சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' நாவலில் தொடங்கினால் உங்களுக்கே விடை கிடைத்துவிடும். தொல்லை தரும் முன்னாள் கணவனை, மதிய உணவுப் பொட்டலக் கடையில் வேலை பார்க்கும் ஒரு தாயும் அவள் மகளும் சேர்ந்து கொன்றுவிடுவது தொடக்கத்திலேயே நம் கண்முன் நடக்கிறது. பக்கத்து வீட்டில் தனியாக வாழும் கணித ஆசிரியர் இஷிகாமி, அந்தப் பெண்ணைப் பார்ப்பதற்காகவே தினமும் அந்தக் கடையில் சாப்பாடு வாங்குகிறவர். அவர் அவர்களைக் காப்பாற்ற முன்வருகிறார். அவரை எதிர்கொள்ள நேர்வதோ, கல்லூரி நாட்களில் அவரை உண்மையாக மதித்த இயற்பியல் அறிஞர் யுகாவா. எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று நாம் நினைத்திருக்க, எதைப் பார்க்கத் தவறினோம் என்பது கடைசியில்தான் புரிகிறது. அந்த இடத்தில் வியப்பைவிடத் துக்கமே மேலோங்குவதால்தான், ஜப்பானின் பெருமைக்குரிய நவோகி பரிசு பெற்ற இந்த நாவலை மிக உயரத்தில் வைக்கிறேன். இதே ஆசிரியரின் 'மாலிஸ்' நாவலில் கொலையாளி சீக்கிரமே தெரிந்துவிடுகிறான். ஏன் கொன்றான் என்பதுதான் மிச்சக் கதை முழுவதும்.

கனாயே மினாட்டோவின் 'கன்ஃபெஷன்ஸ்' இன்னும் கடுமையானது. வேலையை விட்டு விலகும் பள்ளி ஆசிரியை, தன் கடைசி வகுப்பில் மாணவர்கள் பால் குடித்து முடித்ததும் பேசத் தொடங்குகிறார். தன் சிறுமகள் இறந்தது விபத்தால் அல்ல, அவளைக் கொன்றவர்கள் இந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அமைதியாகச் சொல்கிறார். குரலை உயர்த்தாத அந்த ஒரு பேச்சு, அத்தியாயம் முழுவதற்கும் நீள்கிறது.

கேள்வி: ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் நாவல்களைப் படித்து வளர்ந்தவன் நான். ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்க வராது. எதில் தொடங்கலாம்? (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலில் தொடங்குங்கள். வாக்கியங்கள் எளிமையானவை. தீவுக்கு வரவழைக்கப்பட்ட பத்துப் பேர் ஒவ்வொருவராக இறக்கும் கதை என்பதால், பாக்கெட் நாவலின் வேகத்துக்குப் பழகிய உங்களுக்குத் தடுமாற்றம் இராது. ஒவ்வொருவர் மனத்திலும் உறுத்தும் பழைய குற்றத்தைக் கிறிஸ்டி வெளியே இழுத்துக்கொண்டு வரும் விதத்தைக் கவனித்துப் படியுங்கள். அடுத்ததாக மேலே சொன்ன ஹிகாஷினோவின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் எடுக்கலாம், அதிலும் மொழி சிக்கலற்றது. 'ஃபிங்கர்ஸ்மித்'தைச் சிறிது காலம் தள்ளிவையுங்கள். அக்காலத்து லண்டன் திருடர்களின் பேச்சுவழக்கு அதில் நிறைய வருகிறது.

கேள்வி: இத்தகைய நாவல்களில் மனநோயாளிகள் எப்போதும் கொலைகாரர்களாகவே காட்டப்படுகிறார்களே, இது சரிதானா? (சென்னையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: சரியல்ல. மனநோயை முடிவுக்கான சாவியாக மட்டும் பயன்படுத்தி, கடைசி அத்தியாயத்தில் 'இவருக்கு மனம் பிறழ்ந்திருந்தது' என்று கணக்கை முடிக்கும் நாவல்களை நான் பரிந்துரைப்பதே இல்லை. அது நோயுற்றவர்களுக்கு அநீதி என்பது ஒருபுறம், கதையின் எல்லா முடிச்சுகளையும் ஒரே சொல்லால் அவிழ்த்துவிடும் சோம்பலான எழுத்து என்பது மறுபுறம். பாலா ஹாக்கின்ஸ் 2015இல் எழுதிய 'தி கேர்ள் ஆன் தி டிரெய்ன்' நாவலில் வரும் ரேச்சல், வேலை போன பிறகும் வேலைக்குப் போவதாகப் பாவனை செய்து, தினமும் லண்டனுக்கு ரயிலேறுகிறாள். குடியினால் சில இரவுகள் அவள் நினைவில் இல்லை. தான் என்ன செய்தோம் என்பதற்கே அவள் பிறர் வாயை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. அவளை ஆபத்தானவளாக அல்லாமல், தன் நினைவின் மீதே உரிமை இழந்தவளாகக் காட்டியதில்தான் அந்த நாவலின் நேர்மை இருக்கிறது.

ஷெர்லி ஜாக்சன் 1962இல் எழுதிய 'வி ஹாவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் தி காசில்' இன்னும் நுட்பமானது. சர்க்கரையில் கலந்த ஆர்சனிக்கால் குடும்பத்தில் பலரும் மாண்டுபோக, எஞ்சிய இரண்டு சகோதரிகளும் நோயுற்ற உறவினர் ஒருவரும் பெரிய வீட்டில் ஒடுங்கி வாழ்கிறார்கள். கதையைச் சொல்லும் பதினெட்டு வயது மெரிகேட், செவ்வாயும் வெள்ளியும் கடைக்கும் நூலகத்துக்கும் போய்வரும்போது ஊரார் காட்டும் வெறுப்பைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். படித்து முடிக்கையில், அந்த வீட்டைப் பார்த்து அஞ்சுவதா ஊரைப் பார்த்து அஞ்சுவதா என்று உங்களால் எளிதில் சொல்ல முடியாது.

கேள்வி: பதினைந்து வயது மகள் இவ்வகை நாவல்கள் கேட்கிறாள். கொடுக்கலாமா? (திருச்சியிலிருந்து ஒரு தாய்)

பதில்: கொடுக்கலாம், தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். ஃப்ளின்னின் முதல் நாவலான 'ஷார்ப் ஆப்ஜெக்ட்ஸ்' சிறந்த படைப்புதான் என்றாலும், தன் உடலைத் தானே கீறிக்கொள்ளும் ஒரு பெண்ணின் கதை என்பதால் அது சில ஆண்டுகள் காத்திருக்கட்டும். இப்போதைக்கு டாஃப்னி டு மோரியே 1938இல் எழுதிய 'ரெபெக்கா'வை வாங்கிக் கொடுங்கள். மாண்டர்லி மாளிகைக்கு இரண்டாம் மனைவியாக வரும் கூச்ச சுபாவமுள்ள இளம்பெண்ணே கதையைச் சொல்கிறாள். ஆனால் அவள் பெயர் கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை. இறந்துபோன முதல் மனைவியின் பெயரோ புத்தகத்தின் அட்டையிலேயே இருக்கிறது. வீட்டு நிர்வாகி திருமதி டான்வர்ஸ், ரெபெக்காவின் படுக்கையறைக்கு அவளை அழைத்துச் சென்று, இரவு உடையையும் செருப்பையும் தொட்டுப் பார்க்கச் சொல்லும் காட்சியில் யாரும் யாரையும் மிரட்டுவதில்லை, ஆனாலும் உடல் சில்லிட்டுப்போகும். ஹிட்ச்காக் 1940இல் இதைப் படமாக்கினார். மகள் நாவலை முடித்த பிறகு இருவரும் சேர்ந்து படத்தைப் பாருங்கள். கதையின் முக்கியமான ஓர் இடத்தைப் படத்தில் ஏன் மாற்றினார்கள் என்று உங்களுக்குள் விவாதம் எழுந்தால், அதை எங்களுக்கு எழுதியனுப்புங்கள்.