மாடி ஏறினால் சுற்று சேரவில்லை

கேள்வி: மரியோ கார்ட் வீ என்ற கார்ப் பந்தய வீடியோ விளையாட்டுக்கு, எங்கள் புளோக் அருகிலுள்ள பலமாடிக் கார் நிறுத்துமிடத்தைத் தடமாகச் செய்திருக்கிறேன். நான்கு மாடி, சுழல் பாதை. சில நேரம் சுற்று கணக்கில் சேரவில்லை. கீழே விழுந்தால் லக்கிட்டு (விழுந்தவரைத் தூக்கித் தடத்தில் விடும் பாத்திரம்) வேறு மாடியில் கொண்டு விடுகிறது. ஏன்?
- வாசகர், யீஷூன்

பதில்: கோளாறு கேஎம்பி கோப்பில், அதாவது தடத்தின் செக்பாயிண்டுகளும் மீட்புப் புள்ளிகளும் இருக்கும் கோப்பில் இருக்கிறது. வண்டி எதுவரை வந்தது என்று விளையாட்டு கணக்கிட உதவும் செக்பாயிண்ட் என்பது இரண்டு முனை கொண்ட வெறும் கோடு. அதற்கு உயரமே கிடையாது. மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் கார்ட் (பந்தய வண்டி) எந்த மாடியில் ஓடுகிறது என்று கோட்டின் உயரத்தை வைத்துப் பிரிக்க முடியாது, வரிசைதான் துணை. ஆகவே செக்பாயிண்டுகளை மாடிக்கொரு குழுவாகப் பிரித்து, அடுத்த குழுவோடு மட்டும் இணையுங்கள். மேலும் கீழுமாக வரும் கோடுகள் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

ஒவ்வொரு செக்பாயிண்டுக்கும் ஒரு வகை எண் உண்டு. தொடக்கக் கோட்டுக்கு 0. சுற்று சேர வரிசையாகக் கடக்க வேண்டிய முக்கியக் கோடுகளுக்கு மாடிக்கு ஒன்றாக 1, 2, 3, 4. மற்றவற்றுக்கு -1. நடுவில் ஓர் எண் விடுபட்டாலும் சுற்று சேராது. முக்கியக் கோட்டை மாடிகள் மேற்பொருந்தாத இடத்தில் போடுவதே நல்லது.

லக்கிட்டு விஷயம் எளிது: ஒவ்வொரு செக்பாயிண்டிலும் மீட்புப் புள்ளியின் (விழுந்த வண்டியை லக்கிட்டு கொண்டு விடும் இடம்) எண் இருக்கும். அது அதே மாடியின் புள்ளிதானா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கார்ட் தரையைத் துளைத்துக்கொண்டு விழுந்தால் மட்டும் கேசிஎல் கோப்பை, அதாவது தரையும் சுவரும் முக்கோணங்களாக இருக்கும் மோதல் கோப்பைத் திறங்கள். முக்கோணங்களின் முகம் கீழ்நோக்கித் திரும்பியிருக்கலாம்.